ஒரே எஞ்சின், இரண்டு டேங்க்

மாருதி வேகன்-ஆர் காரில் உள்ள 1 லிட்டர் எஞ்சின் பெட்ரோலில் லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர் ஓடும் என்றும், அதே எஞ்சின் சிஎன்ஜி என்ற அழுத்திய இயற்கை எரிவாயுவில் கிலோவுக்கு 34.05 கிலோமீட்டர் ஓடும் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு எண்களையும் அருகருகே பார்ப்பவர், கேஸில் ஓடும்போது எஞ்சின் கூடுதல் சிக்கனமாக உழைக்கிறது என்றுதான் முடிவுகட்டுவார். வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வருகிறது: அந்த எஞ்சின் பெட்ரோலில்தான் சற்றுச் சிக்கனமானது. ஆனாலும் கேஸில் ஓட்டுபவர் கையில் பணம் மிஞ்சுகிறது. இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பது விளங்கிவிட்டால், இரண்டு எரிபொருளில் ஓடும் வண்டியைச் சிக்கனமாக ஓட்டும் வழியும் விளங்கிவிடும்.

படியும் தராசும்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். ஒருவர் மல்லாட்டையைத் தோலோடு படியால் அளந்து விற்கிறார். இன்னொருவர் உடைத்த பயறைத் தராசில் நிறுத்து விற்கிறார். படிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்ற இரண்டு விலைகளை நேராக ஒப்பிட முடியாது. செக்கில் போட்டால் எதில் எவ்வளவு எண்ணெய் வரும் என்று பார்த்தால்தான் ஒப்பீடு பொருந்தும்.

எரிபொருளில் அந்த எண்ணெயின் இடத்தில் இருப்பது வெப்பம். வெப்பத்தை மெகாஜூல் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு மெகாஜூல் என்பது ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். 1 லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. 1 கிலோ சிஎன்ஜியில் சுமார் 48. ஆகவே 1 கிலோ கேஸ் என்பது ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 34.05 கிலோமீட்டரை ஒன்றரையால் வகுத்தால் 22.7 வருகிறது. பெட்ரோலின் 24.35-ஐவிட இது ஏறத்தாழ 7 சதவீதம் குறைவு.

கேஸில் மிச்சமாகும் பணம் எஞ்சினின் திறமையால் வருவதில்லை. ஒரு மெகாஜூல் வெப்பம் கேஸாக வாங்கும்போது மலிவாகக் கிடைப்பதால் வருகிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெட்ரோலில் ஒரு கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 11 காசும், கேஸில் 2 ரூபாய் 64 காசும் ஆகும். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், மைலேஜ் விகிதம் மாறாது. இந்தக் காருக்கு ஒரு கிலோ கேஸின் விலை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையைப் போல 1.4 மடங்கைத் தொடும்வரை கேஸ்தான் மலிவு.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன

மைலேஜ் சோதனை சாலையில் நடப்பதில்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வுக்கூடங்களில் வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் இத்தகைய சோதனை மையம் இருக்கிறது. எந்த விநாடியில் எந்த வேகம், எப்போது நிறுத்தம் என்பது முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஓர் அட்டவணைப்படி நடக்கும்.

வியப்பான செய்தி, டேங்கிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று அங்கே பார்ப்பதில்லை என்பதுதான். புகைக்குழாயிலிருந்து வெளிவரும் வாயுவைப் பிடித்து, அதில் உள்ள கார்பனைக் கணக்கிடுகிறார்கள். எஞ்சினுக்குள் போன கார்பன் அணு எதுவும் அழிவதில்லை. கார்பன் டை ஆக்சைடாகவோ, கார்பன் மோனாக்சைடாகவோ, எரியாத எரிபொருளாகவோ அது வெளியே வந்தே தீரும். வெளியே வந்த கார்பனை எண்ணினால் உள்ளே போன எரிபொருள் தெரிந்துவிடும். பந்தியில் எடுத்த எச்சில் இலைகளை எண்ணிச் சாப்பிட்டவர் எத்தனை பேர் என்று சொல்வதைப் போன்றது இது. இதற்குக் கார்பன் சமநிலை முறை என்று பெயர். எரிபொருள் நீர்மமானாலும் வாயுவானாலும் ஒரே முறையில் அளக்க முடிவதால், இரண்டையும் ஒப்பிட இது மிகவும் ஏற்றது.

சாலையில் கிடைக்கும் மைலேஜ் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் குறைவு இரண்டு எரிபொருளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நேர்வதால் மேலே சொன்ன ஒப்பீடு கெடுவதில்லை.

இருஎரிபொருளும் கூட்டெரிபொருளும்

இரண்டு எரிபொருள் என்ற பேச்சில் இரு வேறு வகைகள் குழம்பிவிடுகின்றன. ஒரு நேரத்தில் பெட்ரோல் அல்லது கேஸ், இரண்டில் ஒன்றை மட்டும் எரிப்பது இருஎரிபொருள் வண்டி. கார்கள், ஆட்டோக்கள், 2024 ஜூலை மாதம் பஜாஜ் நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீடம் 125 மோட்டார் சைக்கிள் எல்லாம் இந்த வகை. அந்த மோட்டார் சைக்கிளில் 2 கிலோ கேஸும் 2 லிட்டர் பெட்ரோலும் பிடிக்கும். கைப்பிடியில் உள்ள சுவிட்சால் மாற்றிக்கொள்ளலாம்.

கூட்டெரிபொருள் எஞ்சின் இரண்டையும் ஒரே நேரத்தில் எரிக்கும். டீசல் எஞ்சினில் கேஸைக் காற்றோடு கலந்து அனுப்பி, சிறிதளவு டீசலைப் பீய்ச்சித் தீ மூட்டுவது இதற்கு எடுத்துக்காட்டு. டீசல் அங்கே தீக்குச்சி வேலையைச் செய்கிறது. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

கல்லான மரமும் வாயுவான உயிரும்

கேஸ் எப்படி உருவானது என்பதை ஒரு கல்மரத்திலிருந்து தொடங்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரைக்குப் போகிறவர்கள் வக்ரகாளியம்மனை வணங்கிவிட்டு, அருகிலுள்ள கல்மரப் பூங்காவையும் பார்ப்பதுண்டு. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அங்கே கல்லாகக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. வரி, கணுவின் சுழி எல்லாம் மரத்தைப் போலவே இருக்கும். தீ வைத்தால் எரியாது. மரத்தில் இருந்த கார்பன் போய், நீரில் கரைந்து வந்த சிலிக்கா அந்த இடத்தில் குடியேறிவிட்டது. வடிவம் எஞ்சியது, எரிபொருள் எஞ்சவில்லை.

எரிபொருள் எஞ்ச வேண்டுமானால், இறந்த உயிர்ப்பொருள் காற்றுப் படாத சேற்றில் புதைந்து, கார்பன் வெளியேறாமல் ஆழத்தின் வெப்பத்தில் வெந்திருக்க வேண்டும். தெற்கே காவிரிப் படுகையில் அப்படித்தான் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் உருவாயின. குத்தாலத்திலும் இராமநாதபுரம் வழுதூரிலும் உள்ள மின்நிலையங்கள் இந்த வாயுவில் இயங்குபவை. இப்போது கப்பலில் குளிர்ந்த நீர்மமாக வரும் வாயு எண்ணூர் முனையத்தில் இறங்குகிறது. 2019-இல் அது செயல்படத் தொடங்கியது. எண்ணூரிலிருந்து செங்கல்பட்டு வரையிலான 115 கிலோமீட்டர் குழாய்வழி 2022 மே மாதம் திறக்கப்பட்டது.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மெத்தேன். அதன் மூலக்கூறில் 1 கார்பன் அணுவுக்கு 4 ஹைட்ரஜன் அணுக்கள். பெட்ரோலில் 1 கார்பனுக்கு ஏறத்தாழ 2 ஹைட்ரஜன். எடைக்கு எடை பார்த்தால் ஹைட்ரஜன் கார்பனைவிடப் பன்மடங்கு வெப்பம் தரும். அதனால்தான் ஒரு கிலோ மெத்தேன் ஒரு கிலோ பெட்ரோலை முந்துகிறது.

மெத்தேனின் குறை அதன் பருமன். சாதாரண அழுத்தத்தில் 1 கிலோ வாயு ஒன்றரை கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். வயலில் உதிரியாகக் கிடக்கும் வைக்கோலை இயந்திரம் உருளைக் கட்டாக இறுக்கிக் கட்டுவது போல, இதை 200 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் அடைக்கிறார்கள். பார் என்பது ஏறத்தாழ நம் மேல் கவிந்திருக்கும் காற்றின் அழுத்தம். அதைப்போல் 200 மடங்கு. இந்த அழுத்தத்தைத் தாங்கும் எஃகுச் சிலிண்டரை டிக்கியில் எப்போதும் சுமந்துகொண்டே ஓடுவதும் அந்த 7 சதவீதக் குறைவுக்கு ஒரு காரணம்.

எஞ்சினுக்குள் இடப்பங்கீடு

கேஸில் ஓட்டும்போது பிக்அப் குறைகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. எஞ்சினின் உருளைக்குள் இருக்கும் இடம் மாறாதது. பெட்ரோல் சிறு துளிகளாக நுழைவதால் காற்றின் இடத்தில் நூற்றில் இரண்டு பங்குகூடப் பிடிக்காது. மெத்தேன் வாயுவாகவே நுழைந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் காற்று வெளியே நிற்க வேண்டியதுதான். காற்று குறைந்தால் எரிவது குறையும்; எரிவது குறைந்தால் இழுவை குறையும். வேகன்-ஆர் எஞ்சினின் திருப்புவிசை பெட்ரோலில் 89 நியூட்டன் மீட்டர், கேஸில் 82.1. ஏறத்தாழ 8 சதவீதக் குறைவு. இடக்கணக்கு சொல்வதும் கிட்டத்தட்ட இதையேதான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஓடிய கரிவாயு பஸ்களில் இந்தத் தொல்லை இன்னும் பெரியது. பின்புற அடுப்பில் கரியை எரித்து உண்டாக்கிய வாயு சத்துக் குறைந்தது; ஏறத்தாழ காற்றின் அளவுக்கே வாயுவையும் உள்ளே விட வேண்டியிருந்தது. மேடு வந்தால் பஸ் திணறியதில் வியப்பில்லை.

மெத்தேனுக்கு இதை ஈடுகட்டும் ஒரு நற்குணம் இருக்கிறது. எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை எவ்வளவு நெருக்கி அமுக்கிவிட்டு எரிக்கிறோமோ, அவ்வளவுக்கு வெப்பம் வேலையாக மாறும். இந்த நெருக்கலின் அளவு அமுக்க விகிதம். பெட்ரோலை அளவுக்கு மீறி அமுக்கினால் தீப்பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்து எஞ்சினில் டக் டக் என்று தட்டும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இதைத் தாங்கும் திறனைக் காட்டுவது ஆக்டேன் எண். நம் ஊரில் நெடுங்காலம் விற்ற சாதாரண பெட்ரோலுக்கு அது 91. மெத்தேனுக்கு 120-ஐயும் தாண்டும். கேஸுக்கு மட்டுமே எஞ்சின் செய்வதானால் அமுக்க விகிதத்தை இன்னும் உயர்த்திக் கூடுதல் மைலேஜ் பெறலாம். ஆனால் அதே எஞ்சினில் பெட்ரோலும் ஓட வேண்டும் என்பதால் பெட்ரோல் தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருஎரிபொருள் எஞ்சின் பிறவியிலேயே ஒரு சமரசம்.

மூக்கும் மூளையும்

சமரசத்தின் இழப்பைக் குறைப்பது மின்னணுக் கட்டுப்பாட்டகத்தின் வேலை. இரண்டு காரியங்களை அது எரிபொருளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

முதலாவது, கலவை. 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்றும், 1 கிலோ மெத்தேன் எரிய 17.2 கிலோ காற்றும் வேண்டும். காற்றும் எரிபொருளும் மிச்சமின்றித் தீர்ந்துபோகும் இந்த அளவைச் சமன்கலவை எனலாம். சமையலறை அடுப்பில் தீ நீலமாக இருந்தால் கலவை சரி. மஞ்சளாகிப் பாத்திரம் கரிப்பிடித்தால் காற்று போதவில்லை. எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க முடியாததால், புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் உணரியை வைத்திருக்கிறார்கள். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் எரிபொருள் போதவில்லை. சிறிதும் இல்லையென்றால் எரிபொருள் மிகை. இந்த மூக்கு சொல்வதைக் கேட்டுக் கட்டுப்பாட்டகம் ஓயாமல் அளவைத் திருத்துகிறது.

இரண்டாவது, பொறிநேரம். மெத்தேன் தீ பெட்ரோல் தீயைவிட மெதுவாகப் பரவும். மெதுவாக நடப்பவர் பஸ்ஸைப் பிடிக்க வீட்டிலிருந்து முன்னதாகவே கிளம்ப வேண்டும். கேஸில் ஓடும்போது பிளக்கும் அதுபோல முன்கூட்டியே பொறி தட்ட வேண்டும். பெட்ரோலுக்கு வைத்த நேரத்திலேயே தட்டினால், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் தீ எரிந்துகொண்டிருக்கும். வெப்பம் வேலையாகாமல் புகையோடு போகும்.

வெளியில் பொருத்தப்படும் மலிவான பழைய கிட்களில் இந்த இரண்டாவது திருத்தம் பெரும்பாலும் இருப்பதில்லை. தொழிற்சாலையிலேயே கேஸ் பொருத்தி வரும் வண்டிகளின் சிறப்பு இங்கேதான். மாருதி 2010-இல் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இரண்டு கட்டுப்பாட்டகங்களைக் கொண்டுவந்தது. டாடா 2022-இல் இரண்டு எரிபொருளையும் ஒரே கட்டுப்பாட்டகத்தில் அடக்கியது.

கேஸ் வண்டி குடிக்கும் பெட்ரோல்

கேஸில் மட்டுமே ஓட்டுகிறேன், பெட்ரோல் முள் ஏன் இறங்குகிறது என்ற கேள்வி ஓட்டுநர்களிடையே சாதாரணம். சைக்கிள் டயரின் வால்வை அழுத்திக் காற்றை விட்டால் விரலில் குளிர்ச்சி தெரியும். மிகுந்த அழுத்தத்திலிருந்து தளரும் வாயு குளிர்வதை ஜூலும் தாம்சனும் 1852-இல் சோதனை செய்து காட்டினார்கள். சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் கேஸ், அழுத்தக் குறைப்பான் என்ற கருவியில் சில பாருக்கு இறங்கும்போது அதன் வெப்பநிலை பல பத்து டிகிரி சரிகிறது. சித்திரை வெயிலிலும் அந்தக் கருவி உறைந்துபோகக் கூடும். அதைத் தடுக்க, எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரை அதன் வழியே ஓட்டுகிறார்கள். எஞ்சின் சூடாகாமல் வெந்நீர் ஏது? ஆகவே பல வண்டிகள் பெட்ரோலில் கிளம்பி, சூடான பிறகு தானாகவே கேஸுக்கு மாறுகின்றன. நேரடியாகக் கேஸிலேயே கிளம்பும் வண்டிகளும் இப்போது உண்டு.

வீட்டிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஒவ்வொரு முறையும் ஆறிப்போன எஞ்சினைக் கிளப்புகிறவரின் கேஸ் வண்டி, பாதிப் பெட்ரோல் வண்டிதான். குறும்பயணங்களைச் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பது கேஸ் வண்டியில் இரட்டை லாபம்.

எப்போது, எவ்வளவு நிரப்புவது

60 லிட்டர் சிலிண்டரில், 15 டிகிரி வெப்பநிலையில், 200 பார் அழுத்தத்துக்குச் சுமார் 10 கிலோ பிடிக்க வேண்டும். நடைமுறையில் 8 கிலோவைச் சுற்றியே ஏறுகிறது. வேகமாக நிரப்பும்போது, சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுவது போல, உள்ளே நெருக்கப்படும் வாயு சூடாகிறது. சூடான வாயு விரிந்து, குறைந்த எடையிலேயே 200 பாரைக் காட்டிவிடும். வெயிலில் காய்ந்த வண்டியில் நிரப்பினால் ஐந்தில் ஒரு பங்குவரைகூடக் குறையலாம். பங்க்கில் உள்ள கருவி எடையை அளப்பதால் பணம் நட்டமில்லை. அடுத்த பங்க் வரிசை முன்னதாகவே வந்துவிடும், அவ்வளவுதான். அதிகாலையில் நிரப்புவது நல்லது.

வரிசையைவிடப் பெரிய கேள்வி தொலைவு. திருவக்கரை வட்டாரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் வழக்கமான வழியை விட்டு விலகி, போகவர 20 கிலோமீட்டர் சுற்றிக் கேஸ் நிரப்புவதாகக் கொள்வோம். விலையும் மைலேஜும் மேலே சொன்னவை. அந்த 20 கிலோமீட்டரும் வீண் ஓட்டம். அதைக் கழித்துவிட்டு, மீதித் தூரத்தைப் பெட்ரோலில் ஓடியிருந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், 8 கிலோ நிரப்புகிறவருக்கு 316 ரூபாய் மிச்சம். 3 கிலோ நிரப்பினால் 67 ரூபாய். 2 கிலோ என்றால் 17 ரூபாய். 1 கிலோவுக்காகப் போனவருக்கு 32 ரூபாய் நட்டம். பங்க் வழியிலேயே இருந்தால் எவ்வளவு நிரப்பினாலும் லாபம். விலகிப் போவதானால் சிலிண்டர் காலியாகும்வரை பொறுப்பதே லாபம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. கேஸ் தீர்ந்ததும் வண்டி தானே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும் என்பதால் நடுவழியில் நிற்கும் அச்சமும் இல்லை.

ஆளும் மூட்டையுமாக நிறைந்த வண்டியில் நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டிய இடத்திலும், மலைப்பாதையிலும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வது நியாயம். கூடுதல் இழுவைக்குக் கொடுக்கும் விலை சில கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம்தான்.

ஒதுக்கப்பட்ட பெட்ரோல்

மாதக்கணக்கில் தொடாத பெட்ரோல் டேங்கிலேயே முதுமையடைகிறது. எளிதில் ஆவியாகும் பகுதி குறைந்து, பிசின் போன்ற படிவு உண்டாகி, பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசித்துளைகளை அடைக்கிறது. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். வாரத்துக்கு ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டி, டேங்கில் கொஞ்சமாக, ஆனால் அடிக்கடி புதுப் பெட்ரோல் விடுவது இதற்கு மருந்து. எத்தனாலில் வெப்பம் குறைவு என்பதால் அந்தக் கலப்புப் பெட்ரோலில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் சத்துக் குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேஸ் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை பிளக்கும் வடிகட்டியும். கேஸ் கலவையில் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினால் முதலில் திணறுவது கேஸ் ஓட்டம்தான். அதே வண்டி பெட்ரோலில் நன்றாக ஓடுவதால் கோளாறு கேஸ் கருவியில் என்று தவறாக நினைத்துவிடுவார்கள்.

முதலும் வட்டியும்

கேஸ் வண்டிக்குக் கூடுதலாக 90,000 ரூபாய் கொடுத்ததாக வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 46 காசு மிச்சத்தில் அது திரும்பி வர 61,600 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு அது பதினான்கு மாதத்துக்குள் முடியும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கு நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்குக் கேஸ் தேவையில்லை.

சுற்றுச்சூழல் கணக்கு தனி. ஒரு கிலோமீட்டருக்கு இந்தக் கார் கேஸில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 81 கிராம். பெட்ரோலில் சுமார் 95. ஏறத்தாழ 15 சதவீதம் மிச்சம். ஆனால் எரியாமல் கசியும் மெத்தேன், எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். கிடைத்த மிச்சத்தைத் தின்றுவிடச் சிறு கசிவே போதும். கசிவில்லாத குழாயும் உறுதியான சிலிண்டரும் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, சிக்கனத்துக்கும் உரியவை. இந்தியாவில் சிஎன்ஜி சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி.